ஸ்லோ குக்கர் புதுசா வாங்குனவங்களுக்கு: முதல் இருபது நிமிஷமும் கடைசி இருபது நிமிஷமும் உங்க வேலை

ஸ்லோ குக்கர் வாங்குறவங்க முக்காவாசி பேர் எல்லாத்தையும் உள்ள போட்டு சுவிட்ச போட்டா சாயங்காலம் குழம்பு ரெடின்னு நெனச்சுதான் வாங்குறாங்க, அட்டைப்பெட்டி மேலயும் அப்படித்தான் படம் போட்டிருக்கும். ரெண்டு மூணு தடவ செஞ்சு பாத்துட்டு வெங்காயம் பச்ச வாசன அடிக்குது, குழம்பு தண்ணியா நிக்குது, தேங்காப்பால் திரிஞ்சு போச்சுன்னு பரண்ல தூக்கி வச்சுடுறாங்க. அதுல மெஷின் மேல தப்பு ஒண்ணும் இல்ல. நடுவுல இருக்கற ஏழெட்டு மணி நேரத்த அது நல்லாவே பாத்துக்கும், ஆனா ஆரம்பத்துல ஒரு இருபது நிமிஷமும் முடிவுல ஒரு இருபது நிமிஷமும் நீங்க அடுப்படியில நின்னாகணும், நம்ம சமையலுக்கு அந்த ரெண்டும் இல்லாம ருசி வரவே வராது. இந்தக் கட்டுரை முழுக்க அதப்பத்திதான், கூடவே பாதுகாப்பா எப்படி பயன்படுத்துறது, எப்படி கழுவி வைக்கிறதுன்னும் சொல்றேன்.

முதல்ல இது எப்படி வேல செய்யுதுன்னு தெரிஞ்சுக்குங்க

வெளிய ஒரு உலோக கூடு, அதோட சுவருக்குள்ள சுத்திலும் ஹீட்டர், உள்ள தூக்கி எடுக்கற மாதிரி கனமான பீங்கான் பானை, மேல கண்ணாடி மூடி. அவ்வளவுதான். பிரஷர் குக்கர்ல ஆவி அடைபட்டு உள்ள சூடு 120 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போகும், அதனாலதான் மட்டன் இருபது நிமிஷத்துல வேகுது. ஸ்லோ குக்கர்ல பிரஷரே கிடையாது, சூடு 100 டிகிரியத் தாண்டாது, முக்காவாசி நேரம் 90 பக்கத்துலயே நிக்கும். லோ, ஹைன்னு ரெண்டு செட்டிங் இருக்கும், ரெண்டும் கடைசில கிட்டத்தட்ட ஒரே சூட்டுக்குதான் போய் சேரும், ஹைல அந்த இடத்துக்கு மூணு நாலு மணி நேரத்துல போயிடும், லோல ஏழெட்டு மணி நேரம் ஆகும். இத புரிஞ்சுக்கிட்டா நேரம் கணக்கு போடறது ரொம்ப சுலபம், ஹைல எவ்வளவோ லோல அதப்போல ரெண்டு மடங்கு.

இதோட கதையும் கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா இது எதுக்காக பொறந்ததுன்னு தெரிஞ்சா எதுக்கு சரிப்படும்னு தானா புரியும். அமெரிக்காவுல சிகாகோக்காரர் இர்விங் நாக்சன் இதுக்கு 1940ல பேட்டண்ட் வாங்குனாரு. யூதர்கள் வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சதுலேர்ந்து சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் அடுப்பு பத்த வைக்க மாட்டாங்க, அதனால லித்துவேனியாவுல வில்னியஸ் ஊர்ல அவரோட அம்மா வழி சொந்தக்காரங்க பீன்ஸும் கறியும் போட்ட பானைய வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேக்கரி அடுப்புல கொண்டு போய் வச்சுடுவாங்களாம், அடுப்புல மிச்சம் இருக்கற சூட்டுலயே அது ராத்திரி பூரா வெந்து மறுநாளுக்கு சாப்பாடா இருக்கும். அம்மா சொன்ன இந்த விஷயத்த வச்சுதான் அவரு இந்த மெஷின யோசிச்சாரு. அப்புறம் 1970ல ரைவல்ங்கற கம்பெனி அவரோட கம்பெனிய வாங்கி, 1971ல க்ராக் பாட்ங்கற பேர்ல கடைக்கு கொண்டு வந்துச்சு. நம்ம ஊர்ல விராட்டி தணல்ல மண்சட்டியில பால வச்சுட்டு வயலுக்கு போயிட்டு வந்தா பால் செவந்து ஆடை கட்டி நிக்குமே, அதே வித்தைதான் இதுவும். அதாவது பயறு, எலும்பு, கெட்டியான கறி, கஞ்சி இதுக்கெல்லாம் பொறந்தது இது. அவசர சமையலுக்கு பொறந்தது இல்ல.

வாங்கும்போது பாக்க வேண்டியது

ரெண்டு மூணு பேர் இருக்கற வீட்டுக்கு 3.5 லிட்டர் போதும், அஞ்சாறு பேர்னா 5 இல்ல 6 லிட்டர். பெருசா இருந்தா நல்லதுன்னு வாங்காதீங்க, பானை பாதிக்கு கீழ இருந்தா ஓரமெல்லாம் காஞ்சு அடிபிடிக்கும், சொன்ன நேரத்துக்கு முன்னாடியே குழஞ்சும் போயிடும். பாதிக்கு மேல, மூணுல ரெண்டு பங்குக்குள்ள நிரம்புற மாதிரி சமைக்கிறதுதான் சரியான அளவு, அதுக்கு ஏத்த சைஸ் பாத்து எடுங்க.

பானை தனியா கழண்டு வரணும், ஒட்டுனது வேண்டாம், கழுவவே முடியாது. மூடி கண்ணாடியா இருந்தா நல்லது, திறக்காமலே உள்ள பாக்கலாம். வாம் மோடு, அதாவது வெந்த சாப்பாட்ட சூடா மட்டும் வச்சுக்கற செட்டிங், இருந்தா நல்லது, நேரம் முடிஞ்சதும் தானா வாமுக்கு மாறுற டிஜிட்டல் மாடல் ஆபீஸ் போறவங்களுக்கு ரொம்ப உதவும். அமெரிக்காவுலேர்ந்து சொந்தக்காரங்க கொண்டு வர்றேன்னு சொன்னா அன்பா வேண்டாம்னு சொல்லிடுங்க, அங்க 120 வோல்ட் நம்ம ஊர்ல 230, நேரா சொருகினா போச்சு, எட்டு மணி நேரம் கன்வெர்ட்டர் போட்டு ஓட்டறதும் தேவையில்லாத தலவலி. அதே கனடாவுல இருக்கற நம்ம ஆளுங்க இந்தியாவுலேர்ந்து கொண்டு போறதும் அப்படித்தான், அங்க வோல்ட் கம்மி, ஹீட்டர் சரியா சூடாகாது.

கரண்ட் பில் பத்தி பயப்பட வேண்டாம். சின்ன சைஸ் 200 வாட்ஸ் பக்கம், பெருசு 300 பக்கம். 200 வாட்ஸ் எட்டு மணி நேரம் ஓடினா 1.6 யூனிட்தான். சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட் போதும், ஆனா எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல ஃப்ரிட்ஜ் கூடயும் மிக்ஸி கூடயும் சேத்து சொருகாதீங்க, சுவத்துல இருக்கற சாக்கெட்லயே நேரா போடுங்க.

இன்ஸ்டன்ட் பாட் மாதிரி மல்டி குக்கர்ல ஸ்லோ குக் பட்டன் இருக்கே அதுல செய்யலாமான்னு கேப்பீங்க. செய்யலாம், ஆனா அதுல சூடு அடியிலேர்ந்து மட்டும்தான் வரும், பானையும் எவர்சில்வர், அதனால இங்க நான் சொல்ற நேரம் அப்படியே பொருந்தாது, அதுல இருக்கறதுலயே அதிக சூட்டுல வச்சு வெந்துச்சான்னு பாத்து இறக்குங்க.

முத நாள்: தண்ணிய மட்டும் வச்சு பாருங்க

வாங்குன அன்னிக்கே கறி போட வேண்டாம். பானையையும் மூடியையும் சோப்பு போட்டு கழுவுங்க, கூட்ட ஈரத்துணியால தொடச்சா மட்டும் போதும். அப்புறம் பானையில பாதி அளவுக்கு சாதாரண தண்ணி ஊத்தி மூடி லோல எட்டு மணி நேரம் விடுங்க. முடிஞ்சதும் மூடிய தூக்குன உடனே, ஆறவிடாம சமையல் தெர்மாமீட்டர வச்சு பாருங்க, 85லேர்ந்து 93 டிகிரிக்குள்ள இருந்தா மெஷின் நல்ல மெஷின். அதுக்கு மேல இருந்தா உங்களது கொஞ்சம் சூடு அதிகமான மெஷின், எல்லா நேரத்தையும் ஒரு மணி நேரம் கொறச்சுக்குங்க. 85க்கு கீழ இருந்தா திருப்பி கொடுத்துடுங்க, அதுல கறி வைக்கிறது ஆபத்து. தெர்மாமீட்டர் இந்த ஒரு வேலைக்காகவே வாங்கலாம், வெல அப்படி ஒண்ணும் அதிகம் இல்ல. இந்த சோதனைய வருஷத்துக்கு ஒரு தடவ செய்ங்க, பழைய மெஷின் சூடு கொறஞ்சுக்கிட்டே வந்தா கண்ணுக்கு தெரியாது. முத நாள் லேசா எரிஞ்ச வாசன வந்தா பயப்படாதீங்க, ஹீட்டர் மேல இருக்கற பூச்சு, கொஞ்ச நேரத்துல போயிடும், ஜன்னல தொறந்து வைங்க.

எங்க வைக்கிறதுன்னும் யோசிங்க. சுவத்தோட ஒட்டாம ஒரு சாண் தள்ளி, கிரானைட் மேடை மேல நேரா வைக்காம ஒரு மரப்பலகை போட்டு அதுக்கு மேல. வெளிக்கூடு கை வைக்க முடியாத அளவுக்கு சுடும், சின்ன பிள்ளைங்க இருக்கற வீட்ல ஒயர் தொங்காம பாத்துக்குங்க, இழுத்துட்டா எட்டு மணி நேரம் கொதிச்ச குழம்பு மேல கொட்டும்.

முதல் இருபது நிமிஷம்

வெங்காயம் செவக்கணும்னா எண்ணெயோட சூடு 140 டிகிரிக்கு மேல போகணும், ஸ்லோ குக்கர் 100அ தாண்டாதுன்னு மேலயே சொன்னேன், அப்புறம் எப்படி உள்ள செவக்கும்? எத்தன மணி நேரம் வச்சாலும் வெங்காயம் வேகும், ஆனா வதங்காது, இஞ்சி பூண்டு பச்ச வாசன முழுசா போகாது, மசாலாத்தூள் எண்ணெய் பிரியாது. அதனால எண்ணெய்ல தாளிச்சு, வெங்காயம் பொன்னிறமா வதக்கி, இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, தூள் எல்லாம் போட்டு எண்ணெய் பிரியற வரைக்கும் ஸ்டவ்ல செஞ்சுட்டுதான் பானைக்கு மாத்தணும். கறியையும் அந்த மசாலாவுலயே ஒரு அஞ்சு நிமிஷம் பிரட்டி எடுத்தா கலரும் வரும் ருசியும் வரும். இந்த ஒரு விஷயத்த மட்டும் விடாம செஞ்சீங்கன்னா ஸ்லோ குக்கர் சாப்பாடு ஆஸ்பத்திரி சாப்பாடு மாதிரி இருக்குன்னு வீட்ல யாரும் சொல்ல மாட்டாங்க.

வதக்கற நேரத்துல ஸ்லோ குக்கர்ல ரெண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி ஹைல போட்டு மூடி வச்சுடுங்க, பானை மெதுவா சூடாகும். இது எதுக்குன்னா கொதிக்கற மசாலாவ ஜில்லுன்னு இருக்கற பீங்கான்ல கொட்டினா விரிசல் விடும், அதோட பானை ஏற்கனவே சூடா இருந்தா கறியும் சீக்கிரம் சூடாகும். அந்த தண்ணியே குழம்புக்கு தண்ணி, கீழ ஊத்த வேண்டாம்.

தண்ணி அளவுலதான் நெறைய பேர் கோட்ட விடறாங்க. மூடி திறக்காம வேகறதால ஆவி மூடியில பட்டு திரும்பவும் உள்ளயே விழும், வத்தவே வத்தாது. நீங்க ஸ்டவ்ல மூணு டம்ளர் ஊத்துற குழம்புக்கு இங்க ஒன்றரையிலேர்ந்து ரெண்டு டம்ளர் போதும். கறியும் தக்காளியும் வேற தண்ணி விடும். சூப்புக்கும் கஞ்சிக்கும் மட்டும் இந்த கணக்கு கிடையாது.

அடுக்குறதுலயும் ஒரு முறை இருக்கு. உருளைக்கிழங்கு, கேரட், சேனை இதெல்லாம் கறிய விட மெதுவாத்தான் வேகும், அதனால அதெல்லாம் அடியிலயும் ஓரத்துலயும், கறி மேல. கிழங்க ஒரே அளவா ஒரு இஞ்சுக்கு வெட்டுங்க. பட்டை, கிராம்பு, ஏலக்காய் பாதியா கொறச்சுக்குங்க, எட்டு மணி நேரம் ஊறினா கிராம்பு வாசனயே தூக்கலா நிக்கும், கசக்கவும் செய்யும். சிக்கன்னா தொடைக்கறியும் கால்கறியும் எலும்போட வாங்குங்க, நெஞ்சுக்கறி நாலு மணி நேரத்துக்கு மேல போனா நார் நாரா காஞ்சு போகும்.

ஃப்ரீசர்லேர்ந்து எடுத்த கறிய கட்டியா அப்படியே போடவே கூடாது. 4 டிகிரிலேர்ந்து 60 டிகிரி வரைக்கும் இருக்கற சூட்டுலதான் கிருமி வேகமா பெருகும், உறைஞ்ச கறி அந்த எடத்த தாண்ட மணிக்கணக்கா ஆகும். முத நாள் ராத்திரியே ஃப்ரிட்ஜோட கீழ் தட்டுல மாத்தி வச்சு முழுசா இளக விடுங்க. காலைல சீக்கிரம் கெளம்பணும்னு எல்லாத்தையும் ராத்திரியே வெட்டி வைக்கறதா இருந்தா கறி தனி டப்பா, காய் தனி டப்பான்னு ஃப்ரிட்ஜ்ல வைங்க. டைமர் பிளக் போட்டு மதியம் தானா ஆன் ஆகட்டும்னு காலைலயே பச்சக்கறிய பானையில போட்டுட்டு போறத தயவு செஞ்சு பண்ணாதீங்க, சாதாரணமா கறி வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாது, 32 டிகிரிக்கு மேல வெயில் இருந்தா ஒரு மணி நேரம்தான், நம்ம சென்னை மதுரை பக்கம் வருஷத்துல முக்காவாசி நாள் அந்த கணக்குதான்.

ராஜ்மா பத்தி தனியா சொல்லியே ஆகணும்

இத படிக்காம தாண்டி போயிடாதீங்க. சிவப்பு ராஜ்மாவுல இயற்கையாவே ஒரு நச்சு இருக்கு, பைட்டோஹீமாக்ளூட்டினின்னு பேரு. நல்லா கொதிச்சா அது அழிஞ்சுடும், ஆனா ஸ்லோ குக்கரோட சூட்டுல அழியாது, அத விட மோசம் 80 டிகிரி பக்கம் அரகொறயா வெந்தா பச்சையா இருக்கறத விட நச்சு பல மடங்கு கூடுதுன்னு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரிக்க கொடுத்திருக்கு. நாலஞ்சு கொட்ட சாப்பிட்டாலே போதும், ஒண்ணுலேர்ந்து மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தி ஆரம்பிச்சு வயித்துப்போக்குன்னு படுத்தி எடுத்துடும்.

அதனால என்ன பண்ணணும்னா, ராத்திரி பூரா ஊற வச்சு அந்த தண்ணிய கீழ ஊத்திடுங்க. புது தண்ணி ஊத்தி ஸ்டவ்ல நல்லா தளதளன்னு கொதிக்க விடுங்க, கொதி வந்ததுக்கு அப்புறம் முப்பது நிமிஷம். பத்து நிமிஷமே போதும்னு சொல்றவங்களும் உண்டு, நான் முப்பதுதான் சொல்வேன், கேஸ் கொஞ்சம் போனா போகுது. அந்த தண்ணியையும் கொட்டிட்டு அப்புறமா ஸ்லோ குக்கர்ல போடுங்க. பிரஷர் குக்கர்ல வேக வச்சுட்டு மாத்துறதும் சரிதான். வெள்ள ராஜ்மாலயும் இதே நச்சு இருக்கு, அளவு கம்மி, ஆனா அதுக்கும் இதே முறதான்.

கொண்டக்கடல, கருப்பு உளுந்து இதுக்கெல்லாம் இந்த அளவு பயம் இல்ல. ஊற வச்ச கொண்டக்கடல ஹைல மூணு நாலு மணி நேரம், லோல ஏழெட்டு மணி நேரத்துல வெண்ண மாதிரி வெந்துடும், தோல் கூட பிரியாது, அதுல இது பிரஷர் குக்கர விட மேல். ஆனா புளியும் தக்காளியும் ஆரம்பத்துலயே போட்டீங்கன்னா புளிப்புல பயறு வேகவே வேகாது, அப்படியே கல்லு மாதிரி நிக்கும். பயறு வெந்தது கையில நசுக்கி பாத்ததுக்கு அப்புறம்தான் புளிப்பு. போர் தண்ணி உப்பா இருக்கற வீட்ல குடிக்கற தண்ணியிலயே வேக வைங்க.

ஒரு முழு சமையல்: ஆட்டுக்கால் பாயா

முதல்ல இதுலேர்ந்து ஆரம்பிங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன், ஏன்னா இதுல ஸ்லோ குக்கரோட முழு பெருமையும் தெரியும், கெட்டுப் போகவும் வாய்ப்பு கம்மி. 3.5 லிட்டர் பானைக்கு நாலு கால். கடையிலயே தீயில சுட்டு முடி நீக்கி துண்டு போட்டு வாங்கிடுங்க. வீட்ல மஞ்சளும் கல்லுப்பும் போட்டு தேச்சு ரெண்டு மூணு தண்ணி கழுவி, ஒரு பாத்திரத்துல தண்ணி ஊத்தி ஸ்டவ்ல பத்து நிமிஷம் கொதிக்க விடுங்க, அழுக்கு நொர பொங்கி வரும், அந்த தண்ணிய அப்படியே கொட்டிட்டு கால இன்னொரு தடவ அலசிடுங்க. இத செஞ்சா கவிச்ச வாசனயே வராது.

பக்கத்துல இன்னொரு சட்டியில நல்லெண்ண ஊத்தி சோம்பு, ஒரு சின்ன பட்டை, ஒரே ஒரு கிராம்பு, ரெண்டு கை சின்ன வெங்காயம், கறிவேப்பில போட்டு வதக்கி, இஞ்சி பூண்டு விழுது ரெண்டு ஸ்பூன், தக்காளி ஒண்ணு, மல்லித்தூள், மஞ்சத்தூள், அப்புறம் மிளகும் சீரகமும் கொரகொரன்னு இடிச்சது ஒரு ஸ்பூன். எண்ணெய் பிரிஞ்சதும் கால போட்டு ஒரு பிரட்டு. சூடான பானைக்கு மாத்தி, கால் முங்கற அளவுக்கு சுடுதண்ணி, உப்பு பாதி. மூடி லோல எட்டுலேர்ந்து பத்து மணி நேரம். ராத்திரி பத்து மணிக்கு போட்டீங்கன்னா காலைல இடியாப்பத்துக்கு சரியா இருக்கும்.

உள்ள என்ன நடக்குதுன்னா, கால்ல இருக்கற சவ்வும் நரம்பும் கொலாஜன்ங்கற புரதம், அது நீண்ட நேர சூட்டுல மெதுவா கரைஞ்சு ஜெலட்டினா மாறி தண்ணிக்குள்ள எறங்கும், அதனாலதான் குடிக்கும்போது ஒதடு ஒட்டுது, ஃப்ரிட்ஜ்ல வச்சா அல்வா மாதிரி உறையுது. நேரம்தான் இதுக்கு மருந்து, அவசரப்படுத்த முடியாது. காலைல மேல மெதக்கற கொழுப்ப ஒரு கரண்டியால வழிச்சு எடுத்துட்டு, தேங்காயும் கசகசாவும் ஊற வச்ச முந்திரியும் அரச்சு விட்டு ஹைல இருபது முப்பது நிமிஷம். மிச்ச உப்பு, கொத்தமல்லி, கொஞ்சம் புதுசா இடிச்ச மிளகு. அவ்வளவுதான்.

நோன்பு மாசத்துல கஞ்சிக்கும் இது ரொம்ப கைகொடுக்கும். கொத்துக்கறிய வெங்காயம், தக்காளி, புதினாவோட ஸ்டவ்ல நல்லா வதக்கி வேக விட்டுட்டு, ஒரு டம்ளர் நொய்யரிசி, ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு, ஒரு ஸ்பூன் வெந்தயம், எட்டு டம்ளர் சுடுதண்ணி சேத்து மதியம் லுஹர் தொழுதுட்டு வந்து ஹைல போட்டா நோன்பு தொறக்கற நேரத்துக்கு அடிபிடிக்காம கஞ்சி தயார், பக்கத்துலயே நின்னு கிண்ட வேண்டாம், வெறும் வயித்தோட அடுப்பு சூட்டுல நிக்கிறது மிச்சம். தேங்காப்பால் மட்டும் கடைசி அர மணி நேரத்துல.

கடைசி இருபது நிமிஷம்

தேங்காப்பால், தயிர், பால், கிரீம் எல்லாமே கடைசிலதான், முன்னாடியே ஊத்தினா திரிஞ்சு போகும். புளிக்கரைசலையும் பயறு வெந்ததுக்கு அப்புறம் ஊத்தி ஹைல அர மணி நேரம் விட்டா பச்ச வாசன போகும். கரம் மசாலா, கொத்தமல்லி, புதினா, எலுமிச்சம்பழம் இறக்கும்போது. இறால் போடறதா இருந்தா கடைசி இருபது நிமிஷம், கீரையும் அப்படித்தான். உப்பு இங்கதான் சரி பாக்கணும். குழம்பு தண்ணியா தெரிஞ்சா மூடிய எடுத்துட்டு ஹைல விடலாம், ஆனா வத்த நேரம் ஆகும், ஒரு அகல சட்டியில ஊத்தி ஸ்டவ்ல அஞ்சு நிமிஷம் கொதிக்க விடறது வேகமான வழி. அப்புறம் கடைசியா ஒரு தாளிப்பு, நெய்ல சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும். நீண்ட நேரம் வெந்ததுல மங்கிப்போன வாசன அந்த ஒரு தாளிப்புல எழுந்து நிக்கும்.

நடுவுல நீங்க செய்யக்கூடாதது

மூடிய தொறந்து பாக்கறது. ஒவ்வொரு தடவ தொறக்கும்போதும் உள்ள இருக்கற சூடு பூரா வெளிய போயிடும், திரும்ப ஏற பதினஞ்சு இருபது நிமிஷத்துக்கு மேல ஆகும், அஞ்சு தடவ எட்டிப் பாத்தா சாப்பாடு ஒன்றர மணி நேரம் தள்ளிப்போகும். ஆவி படிஞ்சு தெரியலன்னா மூடிய லேசா தட்டுங்க, தண்ணி வழிஞ்சு கண்ணாடி தெளியும். கிண்டவும் வேண்டாம்.

கரண்ட் போனா என்ன பண்றது? இது நம்ம ஊருக்கு ரொம்ப முக்கியமான கேள்வி. வீட்ல இருந்தீங்கன்னா உடனே எல்லாத்தையும் பாத்திரத்துக்கு மாத்தி கேஸ்ல கொதிக்க வச்சு முடிச்சுடுங்க. முழுசா வெந்ததுக்கு அப்புறம் போச்சுன்னா மூடிய தொறக்காம வச்சா ரெண்டு மணி நேரம் தாங்கும். வெளிய போயிட்டு வந்து பாத்தா டிஜிட்டல் கடிகாரம் ஏதாவது மினுக்கி மினுக்கி எரியுது, கரண்ட் எப்ப போச்சு எவ்வளவு நேரம் போச்சுன்னு தெரியல, கறி போட்ட பானைன்னா கொட்டிடுங்க, பாக்க வெந்த மாதிரி இருந்தாலும் கொட்டிடுங்க. மனசு வராதுதான், எனக்கும் சாப்பாட்ட கொட்டறது பிடிக்காது, ஆனா சில கிருமி விடற நச்சு திரும்ப கொதிக்க வச்சாலும் போகாது. இன்வெர்ட்டர் இருக்கற வீட்ல வாட்ஸ் கம்மிங்கறதால ஸ்லோ குக்கர் ஓடும், ஆனா பேட்டரிய மெதுவா குடிச்சுடும், ராத்திரி ஃபேன் வேணுமா குழம்பு வேணுமான்னு பாத்துக்குங்க.

வாம் மோடு வெந்த சாப்பாட்ட சூடா வச்சுக்க மட்டும்தான், ரெண்டு மூணு மணி நேரத்துக்கு மேல வேண்டாம். அதுல சமைக்கவும் கூடாது, ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த பழைய குழம்ப சூடு பண்ணவும் கூடாது, ரொம்ப மெதுவா சூடாகறதால கிருமி பெருக நேரம் கிடைச்சுடும். பழச ஸ்டவ்லயே கொதிக்க வைங்க. மிஞ்சுனத பானையோட ஃப்ரிட்ஜ்ல தூக்கி வைக்காதீங்க, கனமான பீங்கான் ஆற மணிக்கணக்கா ஆகும், அகலமான டப்பாவுல மாத்தி சீக்கிரம் ஆற விட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள உள்ள வைங்க.

கழுவறது, பராமரிக்கறது

பானை ஒடயறதுக்கு முக்கியமான காரணம் கீழ விழறது இல்ல, சூடும் ஜில்லும் திடீர்னு மாறறதுதான். சூடான பானைய சிங்க்ல வச்சு பச்ச தண்ணி தொறந்து விடாதீங்க, ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த பானைய சூடான கூட்டுல வைக்காதீங்க, கேஸ் ஸ்டவ் மேல வைக்கவே வைக்காதீங்க. முழுசா ஆறட்டும், அப்புறம் வெதுவெதுப்பான தண்ணியும் ஒரு சொட்டு சோப்பும் ஊத்தி ஒரு மணி நேரம் ஊற விட்டா ஓரத்துல காஞ்சு பிடிச்சது தானா வந்துடும், பிளாஸ்டிக் நாரால தேச்சா போதும். ஸ்டீல் நாரும் கம்பி ஸ்க்ரப்பரும் பளபளப்ப கீறிடும், கீறல்ல மசாலா போய் உக்காந்தா வாசன போகாது. கிண்டறதுக்கும் மரக்கரண்டி இல்ல சிலிக்கான் கரண்டி.

ரொம்ப கெட்டியா பிடிச்சிருந்தா பிடிச்ச எடம் முங்கற அளவுக்கு தண்ணி ஊத்தி ரெண்டு ஸ்பூன் சமையல் சோடா போட்டு மூடி ஹைல ஒரு மணி நேரம் ஓட விட்டுட்டு ஆற வச்சு கழுவுங்க. மஞ்சக்கறைக்கு சமையல் சோடாவ கொழச்சு பூசி அர மணி நேரம் விடுங்க, அப்பவும் போகலன்னா கழுவி ஒரு மணி நேரம் வெயில்ல வைங்க, மஞ்சள் வெயிலுக்கு வெளுக்கும். உப்புத்தண்ணி ஊர்ல வெள்ள வெள்ளயா படியறதுக்கு வினிகர் கலந்த தண்ணி.

வெளிக்கூட்ட எந்த காரணத்துக்காகவும் தண்ணியில முக்கக் கூடாது, குழாய்க்கு கீழ காட்டவும் கூடாது. பிளக்க கழட்டி ஆற விட்டு பிழிஞ்ச துணியால உள்ளயும் வெளியயும் தொடச்சு, காஞ்ச துணியால இன்னொரு தடவ. உள்ள குழம்பு சிந்தியிருந்தா அன்னிக்கே தொடச்சுடுங்க, அடுத்த தடவ அது கருகி வீடு பூரா நாறும். இன்னொன்னு இங்க ரொம்ப பேர் கவனிக்காதது, அந்த கூட்டோட அடியில காத்து போற சின்ன ஓட்டை இருக்கும், அதுக்குள்ள கரப்பான் குடும்பம் நடத்தும். எடுத்து வைக்கும்போது முழுக்க காய வச்சு ஒரு பெரிய கவர்ல போட்டு கட்டி வைங்க. பானைய மூடி போட்டு இறுக்கி வைக்காதீங்க, அடச்ச வாசன வரும், மூடிய தலகீழா திருப்பி நடுவுல ஒரு துணி போட்டு வச்சா காத்தும் போகும் கண்ணாடியும் கீறாது.

மாசத்துக்கு ஒரு தடவ ஒயர கையால தடவி பாருங்க, தோல் உரிஞ்சிருந்தாலோ பிளக் கருகியிருந்தாலோ எலக்ட்ரீஷியன்கிட்ட காட்டாம பயன்படுத்தாதீங்க. மூடியோட கைப்பிடி ஸ்குரு லூசா ஆகும், அத மட்டும் அப்பப்ப முடுக்கி விடுங்க, ரொம்ப இறுக்கினா கண்ணாடி ஒடயும். மூடி ஓரத்துல சில்லு பேந்திருந்தா அத தூக்கி போட்டுட்டு வேற மூடி வாங்கணும். பானையில பூச்சு மேல நூல் மாதிரி மெல்லிசு கோடு விழறது பழசாக பழசாக வர்றதுதான், ஆனா நகத்த வச்சு தடவினா பள்ளம் தட்டுப்பட்டாலோ, தண்ணி ஊத்தி வச்சா வெளிப்பக்கம் ஈரம் கசிஞ்சாலோ அன்னையோட அந்த பானைய நிறுத்திடுங்க. கூட்ட மட்டும் தூக்கிப் போட்டுடாதீங்க, அடியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல மாடல் நம்பர் இருக்கும், அத போட்டோ எடுத்துட்டு போய் சர்வீஸ் சென்டர்ல கேட்டா சில கம்பெனிக்கு பானையும் மூடியும் தனித்தனியா கிடைக்கும்.